மூளை மரத்தில் ஒரு கிளி

பீங்கான் தட்டில் பூவும் கிளியும் வரைகிறவனுக்குக் கண்ணைவிடக் கைதான் எசமான். நான் சொல்வது அத்தனையும் சத்தியம். பொய்யென்றால் கொளஞ்சியப்பர் கோயிலில் என் பேரில் பிராது எழுதிக் கட்டுங்கள், காகிதமும் நானே தருகிறேன். பழக்கதோஷத்தால் அவதிப்பட்ட உங்களுக்குத்தான் இது புரியும்.

தலைக்குள் தோப்பு

அறுபதுகளின் கடைசி. விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் நான் தினக்கூலி. ஊர் டாக்டரம்மா ஒரு பெரிய புத்தகத்தோடு வந்தார். மைக்ராஸ்கோப்பில் மூளையைப் பார்த்துப் பார்த்து, நரம்பு செல்களைக் கையாலேயே வரைந்த வெளிநாட்டு விஞ்ஞானியின் படங்களாம். நம் தலைக்குள் இத்தனை வேரும் கிளையுமா என்று அசந்துபோனேன்.

அந்த விஞ்ஞானி நினைவாக ஊர் ஸ்கூலில் கண்காட்சி. அவர் படங்களைப் பன்னிரண்டு தட்டில் அப்படியே வரைய வேண்டும். சரியாக வந்தால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. மேஸ்திரி என் காதோரம் குனிந்தார்: "ஒரு கோடு கூடினாலும் வூட்டுக்குப் போயிடு. திரும்பி வராத."

மூடிய சூளை

பதினோரு தட்டை மூச்சைப் பிடித்து வரைந்தேன். பன்னிரண்டாவது, கிளை பரப்பிய பெரிய செல், அசல் அரசமரம். பளபளப்புக்கான கிளேஸ் கலவையில் முக்கினால் படம் வெள்ளைக்குள் மறைந்துவிடும், வெந்த பிறகுதான் தெரியும். எல்லாத் தட்டையும் முக்கி உள்ளே அடுக்கி, சூளை வாசலை அடைத்து மண் பூசியாயிற்று. பிரஷைக் கழுவினேன். பச்சை கரைந்து ஓடியது.

விஞ்ஞானியின் படங்களில் பச்சையே கிடையாது!

பத்து வருஷமாக எந்தக் கிளையைக் கண்டாலும் கிளியை உட்கார வைத்த கை இது. சூளைக்காரர் காலில் விழாத குறையாக, இப்போதே திறக்கச் சொன்னேன். அவர் அசையவில்லை. "சூட்டோட தொறந்தா பன்னெண்டும் வெடிச்சிடும். கிளி மட்டுமா போவும், தோப்பே போயிடும்ணே."

தூணாக நின்றேன்

கண்காட்சி அன்று காலைதான் சூளை திறந்தது. கிளி கொழுகொழுவென்று இருந்தது. அந்தத் தட்டை மூலையில் மாட்டி, முன்னால் நானே மறைத்துக்கொண்டு நின்றேன். கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த பட்டணத்துப் பெரிய டாக்டர் ஒவ்வொரு தட்டாகக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்து வந்தார். பின்னால் முதலாளி, மேஸ்திரி, டாக்டரம்மா. பதினொன்று முடிந்தது.

"நகருங்க," என்றார் பெரிய டாக்டர்.

நகர்ந்தேன். கிளி அவரைப் பார்த்தது. மேஸ்திரியின் கை என் சட்டைக் காலரில் விழுந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கம்மாபுரத்து விவசாயி ஒருவர் வந்தார். தலைக்குள் இரைச்சல் என்று டாக்டரம்மாவிடம் நடையாய் நடந்தவர். தட்டைக் கண்டதும் கத்தினார்: "ரெண்டு வருசமா உள்ள கீ கீன்னு கத்துதுன்னு சொன்னேனே, நம்புனீங்களாம்மா? தோ, உக்காந்திருக்குது பாருங்க!"

பெரிய டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தத் தட்டையே கேட்டு வாங்கிப்போனார். மேஸ்திரியின் கை காலரை விட்டுத் தோளுக்கு வந்தது.

நிசமாய் வரைந்த பதினொன்றை விட்டு ஒரு பொய்க்கிளிதான் எனக்கு ஆயுசுக்கும் சோறு போட்டது என்பதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.