அக்காவின் பிரிபடாத பாதி

எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டைத் தேவமாதாவின் பெயருக்கு எழுதிவிட வேண்டும் என்று நான் முடிவெடுத்தது, ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட பிறகுதான். அன்று உயிர்த்த ஞாயிறு. ஓடுகள் கலகலத்தன. அக்கா என் இரண்டு மகன்மாரையும் இழுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே புகுந்துவிட்டார். காய்ச்சலில் சின்ன வயதிலேயே வலது கால் சூம்பிப்போனவர், அவ்வளவு விரைவாக அவர் நடந்து அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

நான் துறைமுகத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தேன். அடுத்த குண்டு என் தலையிலேயே விழலாம். அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, பாவசங்கீர்த்தனம் செய்துதான் வைத்திருந்தேன். கவலை எல்லாம் அக்காவைப் பற்றித்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கலியாணம் ஆகவில்லை. முன்னறையில் கைமெசின் வைத்துக் கோயில் பீடத்துணிகளும் பிள்ளைகளின் புதுநன்மைச் சட்டைகளும் தைப்பார். வீடு அப்பா என் பெயருக்கு எழுதித் தந்தது. நான் போனால் அது என் பிள்ளைகளுக்குப் போகும். எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீடு தள்ளி, தமையன் செத்த ஆறாம் மாதம் கலியாணமாகாத ஒரு முதிர்குமரியை டிரங்குப் பெட்டியோடு கன்னியாஸ்திரிகளின் முதியோர் மடத்துக்கு ஏற்றி அனுப்பியதை நான் பார்த்திருந்தேன். அந்த ரிக்ஷா போன சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை.

மாதாவின் வீட்டில் இருக்கிறவளை வெளியே போ என்று சொல்ல எவனுக்குத் துணிவு வரும்? அதுதான் என் யோசனை. செபமாலை முடித்துவிட்டு மனைவியிடம் சொன்னேன்.

"என்ர பிள்ளையள் மச்சாளைத் துரத்துவாங்கள் எண்டு இப்பவே முடிவு கட்டிட்டியளோ?" என்றாள்.

"அவங்கள் இல்லை. அவங்களுக்கு வாற பெண்சாதிமார்."

"மூக்குச் சளி துடைக்கத் தெரியாததுகள். அதுகளுக்கு மருமகளும் வந்து, அவள் சண்டையும் பிடிச்சிட்டாள்! நல்ல மனிசன்."

ஆனாலும் தடுக்கவில்லை. நான் புதுக்கடைக்குப் போய், நீதிமன்றத்துக்கு முன்னால் கந்தோர் வைத்து உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரைக் கண்டேன். திருநீறு பூசிய வயதான மனிதர்.

"நன்கொடை உறுதி. சரி, பெறுறவர் பேர்?"

"தேவமாதா, ஐயா."

பேனையைக் கீழே வைத்தார். "எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனா இந்த நாட்டுச் சட்டத்தில நன்கொடையைக் குடுத்தா மட்டும் காணாது. வாங்கிறவர் ஏற்றுக்கொள்ளுறன் எண்டு கையெழுத்து வைக்க வேணும். ஒல்லாந்தன் விட்டிட்டுப் போன சட்டம். மாதா வருவாவோ? வந்தா எனக்கும் சொல்லி அனுப்புங்கோ, நானும் ஒருக்காக் கும்பிடவேணும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அதைக் கண்டு குரலைத் தணித்தார். "கோவிக்காதேங்கோ. பிள்ளையாருக்கு எழுதினாலும் இதே கதைதான், ஒரு தருமகர்த்தா வேணும். உங்கட ஆயர் ஆண்டவருக்குச் சட்டத்தில சாகாத ஒரு பேர் இருக்கு. ஆயர் மாறலாம், அந்தப் பேர் மாறாது. அந்தப் பேருக்கு எழுதலாம். உங்கட சுவாமியாரைக் கேட்டுப் பாருங்கோ."

சுவாமியார் மிசன் வீட்டு விறாந்தையில் செபப்புத்தகத்தோடு இருந்தார். முழுவதையும் கேட்டார்.

"வாங்கலாம். வாங்கினபிறகு அது ஆயர் ஆண்டவரின் ஆதனம். நான் உம்முடைய அக்காவை ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு எப்பவும் மாற்றம் வரலாம். அடுத்த சுவாமியார் அந்த வீட்டை ஞானோபதேச வகுப்புக்கு எடுத்தால், அக்காவைப் பீடத்துக்குப் பின்னால் சக்கிறீஸ்து அறையிலேயா படுக்கவைக்கப் போகிறீர்?"

"மாதாவுக்கு நேர்ந்திட்டன் சுவாமி."

"மாதா வீடு இல்லாமலே பிள்ளை பெற்றவ. உம்முடைய வீட்டை நம்பி அவ இருக்கவில்லை. போய் அக்காவுக்கு வழியைப் பாரும்."

திரும்பவும் புதுக்கடை. இந்த முறை நொத்தாரிசு நம்பிக்கைப் பொறுப்பு என்ற ஒன்றைச் சொன்னார். வீட்டை இரண்டு பொறுப்பாளர்களின் பெயரில் வைப்பது. நானும், என் மனைவியின் தமையனும். அக்கா சாகும்வரை அதில் இருப்பார். அதுவரை விற்கவோ ஈடு வைக்கவோ ஒருவராலும் முடியாது. அதன்பிறகு என் மகன்மாருக்கு. "பொறுப்பாளர் எண்டா வீட்டுக்காரர் மாதிரித்தான்," என்றார். "ஆனா வீட்டைத் தின்ன ஏலாது."

எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு ஆள் வரும், ஒரு கையெழுத்து வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் சந்தோசப்படுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அக்காவின் காலை நினைத்து நொத்தாரிசே வந்தார். சீனி தட்டுப்பாடான காலம். மனைவி கருப்பட்டியோடு தேத்தண்ணி வைத்தாள். மைத்துனர் வந்தார், சாட்சிக்குப் பக்கத்து வீட்டார் இருவர் வந்தனர். உறுதியை வாசித்துக் காட்ட வேண்டியது முறை. அவர் வாசித்தார். "என் தயவில் என்னோடு சீவிக்கும் என் சகோதரியின் மேல் நான் வைத்த அன்பினாலும் பட்சத்தினாலும்" என்று ஓரிடத்தில் வந்தது. கடைசியில், "மேற்படி நன்மையை நான் நன்றியறிதலோடு ஏற்றுக்கொள்கிறேன்" என்று முடிந்தது. அந்த வரிக்குக் கீழே விரலை வைத்து, பேனையை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா பேனையை வாங்கவில்லை.

"இதில நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

"அக்கா, உங்கட நன்மைக்குத்தானே செய்யினம்," என்றார் மைத்துனர்.

"நீர் கொஞ்சம் பேசாமல் இரும்." அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, அப்பா உனக்கு எழுதின நாளும் இந்த அறைதான். அண்டைக்கு வந்த நொத்தாரிசுக்குத் தேத்தண்ணி குடுத்தது நான். பிள்ளை, உனக்கு என்ன வேணும் எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்ல. கலியாணம் இல்லாதவளுக்கு என்னத்துக்கு வீடு எண்டார் அப்பா. சரி. இப்ப அதே வீட்டில என்னை உன்ர தயவில இருக்கிறவள் எண்டு எழுதி, நான் அதுக்கு நன்றியும் சொல்ல வேணுமோ? சொல்ல மாட்டன். மாதாவாணை சொல்ல மாட்டன்."

"ஐயோ மச்சாள், ஆணை இடாதேங்கோ," என்று மனைவி ஓடிவந்தாள்.

நொத்தாரிசு பேனையைத் துடைத்து மூடினார். "முதல் ஆள் வரவே இல்லை. ரெண்டாவது ஆள் வந்தும் மாட்டனெண்டுறா. உங்கட வீட்டுக்கு நன்கொடை குடுக்கிறது பெரிய பாடு," என்றார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அக்காவோடு கதைக்கவில்லை. நான் என்ன குறை வைத்தேன்? ஒரு நேரச் சாப்பாட்டில் குறை வைத்தேனா? மருந்தில் வைத்தேனா? கோயிலில் முழந்தாளிட்டு ஆண்டவரிடமே என் பக்க நியாயத்தை எடுத்துச் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகும்போதுதான், என் நியாயம் எல்லாம் நான் கொடுத்தவற்றின் வரிசையாகவே இருப்பது எனக்குத் தெரிந்தது. அக்கா கேட்டது அவற்றில் ஒன்றையும் அல்ல.

அடுத்த நாள் வேலை விட்டு நேரே புதுக்கடைக்குப் போனேன்.

"ஐயா, ஒரு கேள்வி. அப்பா ஒண்டும் எழுதாமல் செத்திருந்தா?"

"அம்மா?"

"அவ முந்தியே போட்டா."

"அப்ப ஆளுக்குப் பாதி. உங்களுக்கு ஒண்டு, அக்காவுக்கு ஒண்டு."

இவ்வளவுதான் சொன்னார். நான் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தேன். பிறகு, "அந்தப் பாதியை எழுதுங்கோ. பொறுப்பாளரும் வேண்டாம்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுச் சொல்லுங்கோ. பொறுப்பில வைச்சா வீடு உங்கட பிள்ளையளுக்கு வந்து சேரும். பாதியை முழு உருத்தாக் குடுத்தா அவ அதை விக்கலாம், மடத்துக்கு எழுதலாம், ஆருக்கும் குடுக்கலாம். பேந்து என்னட்ட வந்து அழக்கூடாது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். நட்டம் அவள் பிள்ளைகளுக்குத்தானே. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தாமலே, "மச்சாளின்ர சாமானை மச்சாளுக்குக் குடுக்கிறதுக்கு என்னை ஏன் கேக்கிறியள்?" என்றாள்.

இந்த முறை அக்காவிடம் முன்னரே சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் என் வாயில் வரவில்லை. "அக்கா, பாதி உங்கட. அதைத்தான் எழுதுறம்," என்று மட்டும் சொன்னேன். மெசினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தவர், நூல் அறுந்ததும் தெரியாமல் இன்னும் கொஞ்சத் தூரம் வெறுமனே தைத்துக்கொண்டு போனார்.

நொத்தாரிசு மீண்டும் வந்தார். தயவு என்ற சொல் உறுதியில் இல்லை. ஏற்பு வரி இருந்தது, ஆனால் நன்றியறிதல் இல்லை. "சட்டத்துக்கு ஏற்பு போதும்," என்று அக்காவிடம் சொன்னார். "நன்றி நாங்கள் சேர்க்கிற அலங்காரம்." அக்கா கண்ணாடி போட்டு, தானே ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்து, மெதுவாகக் கையெழுத்திட்டார்.

"எந்தப் பக்கம் என்ர?"

"பக்கம் இல்லை பிள்ளை. பிரிபடாத பாதி. ஒவ்வொரு ஓட்டிலயும் பாதி உங்கட."

"அப்ப ஒழுகிற ஓடு?" என்றாள் என் மனைவி.

"அதிலயும்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு எழுந்து போய், திருச்சொரூபத்தின் முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நன்றி அங்கே சொன்னார் போல.

அந்தப் பாதியை யாருக்கு எழுத நினைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் உன்னிய நாட்கள் உண்டு.

சில மாதம் கழித்து முனிசிப்பல் ஓவசியர் ஒருவர், மதிற்சுவர் ஒழுங்கைப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்க்க வந்தார். வாசலில் நின்று சிங்களத்தில், "கெதர அயித்திகாரயா கவுத?" என்று கேட்டார். வீட்டுக்காரர் யார் என்று அவர் கேட்டதும், நான் உள்ளேயிருந்து சாரத்தை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்தேன். அதற்குள் அக்கா மெசினை விட்டு எழுந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"மம தமா," என்றார். "மொகத?"

நான்தான், என்ன விசயம் என்கிறார். ஓவசியர் அக்காவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் திரும்பி உள்ளே வந்துவிட்டேன்.