கூலிங் பம்புக்குள் வந்த எரிமலை

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்தோம். நடுக்கடலில் எஞ்சின் சூட்டு கேஜின் முள் சிவப்பைத் தொட்டது. நான் அந்தப் படகின் எஞ்சின் டிரைவர். மேல்தட்டில் ஒரு பெண் பிரசவ வலியோடு படுத்திருந்தார். குழந்தை குறுக்கே கிடப்பதால் ஒப்பரேசன் தேவை என்று நெடுந்தீவு ஆஸ்பத்திரியிலிருந்து கரையிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள்.

வெளியே எட்டிப் பார்த்தேன். கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. கற்கள் மிதந்தன! பயணிகள் சிலர் "ராமர் கல்லு" என்று கும்பிட்டார்கள்.

"என்னடாப்பா, புகை வருது?" கப்டன் அருளப்பு அண்ணை கத்தினார்.

"கூலிங் தண்ணி வரேல்லை அண்ணை. கல்லு அடைச்சுப்போட்டுது. மெதுவா ஓடிப் பாப்பமே?"

பயணியாக வந்த, புவியியல் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் ஒரு கல்லோடு எஞ்சின் அறை வாசலுக்கு வந்தார்.

"தம்பி, ஓடாதையும். இது எரிமலைக் கல்லு. எங்கையோ கடலுக்கடியிலை வெடிச்சிருக்கு. உருகின பாறைக் குழம்புக்குள்ள இருக்கிற வாயு பொங்கேக்கை வாற நுரை, அப்பிடியே இறுகினதுதான் இது. மாசக்கணக்கா மிதக்கும். முழுக்கக் கண்ணாடித் துகள். மிஷினுக்குள்ள போனா அரம் மாதிரி அராவும்."

எஞ்சினை நிறுத்தினேன். கடல்நீரை வடிக்கும் ஸ்ட்ரெய்னரைக் கழற்றி, கற்களை வழித்துப் பூட்டினேன். ஸ்டார்ட் செய்ததும் மறுபடி அடைத்தது. திரும்பவும் துப்புரவாக்கினேன். திரும்பவும் அடைத்தது. என் விரல்களில் இரத்தம்.

"நங்கூரம் பிடிக்குதில்லை! காத்து எங்களைப் பாருக்குத் தள்ளுது!" மேலிருந்து அருளப்பு அண்ணை கத்தினார்.

முருகைக்கல் பாரில், அந்தப் பவளப்பாறைத் திட்டில், அலை உடையும் சத்தம் எஞ்சின் அறைக்குள் இருந்த எனக்கே கேட்டது. மேலே அந்தப் பெண்ணின் முனகல் நின்றிருந்தது. அதுதான் எனக்குக் கூடுதல் பயம்.

"ரீச்சர், இந்தக் கல்லு எவ்வளவு ஆழத்துக்கு இருக்கும்?"

"மேலை மட்டுந்தான். தாழாது."

எங்கள் பம்ப் தண்ணீர் இழுப்பதும் மேல்மட்டத்தில்தான். பம்பின் குழாயைக் கழற்றி, படகிலிருந்த, தண்ணீர் இழுக்கும் நீளமான சக்ஷன் ஹோஸைப் பூட்டினேன். நுனியில் இரும்புத் துண்டொன்றைக் கட்டி, கல் இல்லாத ஆழத்துக்கு இறக்கினேன். கூட வந்திருந்த பெண்ணின் கணவர் படகின் விளிம்பில் குப்புறப் படுத்து அதைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் ஓடியது. முள் மெல்ல இறங்கியது.

"விட்டிடாதையும்!"

"செத்தாலும் விடன் அண்ணை!"

ஆமை வேகத்தில் கரை சேர்ந்தோம். அம்புலன்ஸ் காத்திருந்தது. தாயும் பெண்குழந்தையும் சுகம் என்று மாலையில் போன் வந்தது.

மறுநாள் பம்பைத் திறந்தேன். அவ்வளவு குறைந்த நேரத்திலேயே தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லரின் றப்பர் இறக்கைகள் கடதாசிபோலத் தேய்ந்திருந்தன. நான் முதலில் நினைத்ததுபோல அந்தக் கற்களோடேயே மெதுவாக ஓடியிருந்தால், பம்ப் பழுதாகி, பாரில்தான் போய் நின்றிருப்போம்.

புதிதாக எஞ்சின் அறைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடைப்பை எடுப்பது பாதி வேலை. அடைத்தது என்ன, அது எங்கே நிற்கும் என்று தெரிந்தவரிடம் கேட்பது மீதி.