செத்துச் செத்துப் பிழைத்தவர்

பியோ தோக்சாம் நல்ல மனிதர் என்று சொன்னால் எங்கள் பேட்டையில் என்னைத்தான் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள். சியோலின் தென்கோடியில், மலையடிவாரத்தில் இருக்கிற பழைய தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவன் நான். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். சினிமாவில் அவருக்கு ஒரே வேலைதான்: வடக்கிலிருந்து ஊடுருவிய கம்யூனிஸ்ட் ஒற்றனாக வருவது, கடைசி ரீலில் சாவது. துருத்திய கன்ன எலும்பும் குழிவிழுந்த கண்ணும் ஆண்டவன் கொடுத்தது. அதை வைத்து மனிதர் செத்துச் செத்துப் பிழைத்தார்.

அந்தப் படங்களை யாரோ ஆசைப்பட்டு எடுத்ததாக நினைக்க வேண்டாம். ஒற்றனைக் கொல்லும் படம் ஒன்றை எடுத்து அரசாங்கத்திடம் நல்ல பெயர் வாங்கினால், வெளிநாட்டுப் படம் ஒன்றைக் கொண்டுவர உரிமம் கிடைக்கும். லாபம் அதில்தான். ஆசைப்பட்டுப் பார்த்ததாகவும் நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக ஓட்டி வருவார்கள். அவர்கள் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பார்கள், செய்திப்படத்துக்குக் கொட்டாவி விடுவார்கள், பிறகு காய்ந்த கணவாய் மீனை வாயில் அதக்கிக்கொண்டு தூங்கிப்போவார்கள். தோக்சாம் சுடப்பட்டதும் மட்டும் விழித்துக்கொண்டு கூரை அதிரக் கைதட்டுவார்கள். என்னே தேசபக்தி என்று வாத்தியார்கள் பூரித்துப்போவார்கள். அந்த ஆள் செத்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது பிள்ளைகளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

பெரியவர்கள் வேறு ரகம். அவர்கள் முழித்திருந்து பார்ப்பார்கள், அதுதான் வம்பு. பொதுக் குளியல் கூடத்தில் தோக்சாம் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கினால் மற்றவர்கள் கரையேறிவிடுவார்கள். கறிக்கடைக்காரர் அவருக்கென்று கொழுப்பாகப் பார்த்து நறுக்குவார். "நான் வெறும் நடிகனுங்க" என்று இவர் கெஞ்சினால், "ஒற்றன் வேற எப்படிச் சொல்லுவான்?" என்பார்.

ஒவ்வொரு படத்திலும் அவரைச் சுட்டு வீழ்த்தியதும் கதாநாயகன் பிணத்தின் அருகில் நின்று, தொப்பியைக் கழற்றி, தாய்நாட்டைப் பற்றி நீட்டி முழக்குவான். கதாநாயகர்கள் மாறுவார்கள், வசனம் மாறாது. பெண்கள் கைக்குட்டையை எடுப்பது அந்த இடத்தில்தான். எங்கள் தியேட்டரில் முதலில் எடுப்பவர் கியுதேயின் அம்மா. கணவரை வடக்கோடு நடந்த போரில் பறிகொடுத்தவர். அவருடைய அழுகையை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை. அதை வைத்துக் காசு பார்த்தவர்கள்மீதுதான் என் ஆத்திரம்.

தோக்சாமின் மகள் ஓக்கி விரும்பியது அந்தக் கியுதேயைத்தான். தாய் இல்லாத பெண். பையன் தபால் ஆபீசில் வேலை, தங்கமான பிள்ளை, ஆனால் அம்மா போட்ட கோட்டைத் தாண்ட மாட்டான். பெண்ணின் அப்பா சினிமா கம்பெனியில் வேலை செய்கிறார் என்பதோடு அவன் வீட்டில் நிறுத்தியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சீனச் சாப்பாட்டுக் கடையில் இரு வீட்டாரும் சந்திப்பதாக ஏற்பாடு. அந்தம்மா சம்மதித்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

சனிக்கிழமை ராத்திரி மலைமேல் படப்பிடிப்பு. விடியும்போது வண்டி மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பிணத்தை எண்ண மறந்துவிட்டார்கள். அவருடைய சட்டையும் அதிலிருந்த அடையாள அட்டையும் வண்டியோடு போயின. சேறு அப்பிய காலணியோடு தோக்சாம் நடந்தே இறங்கினார். வழியில் சுனை. அங்கே தண்ணீர் பிடிக்க வந்திருந்தார் கியுதேயின் அம்மா. எங்கேயோ பார்த்த முகம் என்று அவருக்கு உறைத்தது. விடியற்காலை, மலை, சேற்றுக் காலணி: ஒற்றனின் அடையாளம் என்று எங்கள் தியேட்டர் சுவரில் நானே ஒட்டிய சுவரொட்டியில் எல்லாம் இருந்தது. வடக்கிலிருந்து வந்தவனுக்கு இங்கே சிகரெட் விலை தெரியாது என்ற கடைசி அடையாளம் மட்டும் பாக்கி.

"இந்நேரத்துல மலையில என்னங்க வேலை?"

"ராத்திரி பூரா செத்துட்டு வர்றேன்மா" என்றார் இவர், களைப்பில்.

"அப்படிங்களா. ஒரு பாக்கெட் சிகரெட் இப்ப என்ன விலைங்க?"

"தெரியலீங்களே. நான் குடிக்கறதில்ல. வேலைக்கு வேணும்னா அவங்களே குடுத்துருவாங்க."

"எவங்க?"

"மேல இருக்கறவங்க."

அந்தம்மா தண்ணீர்க் குடத்தை அங்கேயே போட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்கு ஓடினார்.

சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது, "நடிகன்னா நடிச்சுக் காட்டுய்யா" என்று அதிகாரி அதட்டிக்கொண்டிருந்தார். தோக்சாம் ஒற்றனாக நடித்துக் காட்டினார். ஓரமாக நின்ற காவலர் துப்பாக்கியை எடுத்துவிட்டார். "இவ்வளவு தத்ரூபமா நடிகனுக்கு வராதுங்க ஐயா" என்றார். பாவம், தோக்சாமுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். சினிமா கம்பெனி ஆள் அவருடைய சட்டை, தொப்பி, அட்டையோடு வந்து அவரை மீட்பதற்குள் மதியமாகிவிட்டது. காலணியைத் துடைக்க நேரமில்லை. பெண் வீட்டுப் பெரியவனாக நானும் கூடப் போனேன்.

எங்களைப் பார்த்ததும் அந்தம்மா கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் கீழே விழுந்தன.

"கியுதே, எந்திரிடா. இந்த ஆளத்தான் நான் காலையில பிடிச்சுக் குடுத்தேன்."

"அம்மா, உட்காருங்கம்மா. இவர்தான் ஓக்கியோட அப்பா."

தோக்சாம் குனிந்து வணங்கி, உள்ளதை உள்ளபடி சொன்னார். தான் நடிகன், இங்கேயே பிறந்து இங்கேயே ராணுவத்தில் இருந்தவன், யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

"இப்ப ஞாபகம் வந்துருச்சு. படத்துல எத்தனை பேரக் காட்டிக் குடுத்தீங்க, என் கண்ணால பாத்தேனே. சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்? இந்த வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்."

கியுதே தலையைக் குனிந்துகொண்டான். ஓக்கியின் முகம் செத்துவிட்டது. அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, தோக்சாம் மெதுவாக எழுந்து தொப்பியைக் கழற்றினார். குரல் வேறாக இருந்தது.

"இந்த மண் என் தாய். பனி உறைந்த அந்த மலைகளில் விழுந்தவர்கள் அத்தனை பேரும் என் தம்பிகள். அவர்களுக்காக விளக்கேற்றிக் காத்திருந்த பெண்களின் நரைத்த தலைமுன் நான் தலைகுனிகிறேன். தாயே, உன் கண்ணீர் வீண்போகாது."

அந்தம்மாவின் கை தானாகக் கைக்குட்டையைத் தேடியது. விம்மி விம்மி அழுதார். பிறகு புளிப்பும் இனிப்புமான பன்றிக்கறியில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

"சாப்பிடுங்க சம்பந்தி. இப்படிப்பட்ட மனுஷனப் போய்ச் சினிமாக்காரங்க எப்படிக் காட்டுறாங்க பாருங்க. அத்தனையும் பொய்."

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. கறித்துண்டைப் போட்டு அடைத்துக்கொண்டேன்.

திரும்பி நடக்கும்போது, "அதை எப்பய்யா மனப்பாடம் பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு படத்துலயும் என் தலைமாட்டுல நின்னுதான பேசுறானுங்க. பிணத்துக்குக் கண்ண மூடச் சொன்னாங்க, காத மூடச் சொல்லலையே."

பின்னால் வந்த ஓக்கி சிரிக்கவில்லை. கல்யாணம் நிச்சயமான பெண் மாதிரியே அவள் இல்லை.

"நீங்க நெசத்தச் சொன்னப்ப காதுலயே வாங்கலியேப்பா. அப்புறம் அவங்க அழுதது யாருக்கு?"

தோக்சாம் காய்ந்த சேற்றைக் காலணியிலிருந்து தட்டிவிட்டார்.

"என்னச் சுடுறவனுக்கும்மா."