தண்ணீருக்குப் பயந்த நாய்

குற்றாலத்தில் சாரல் முடிந்து பங்களாக்காரர்கள் பெட்டி கட்டும்போது, கொண்டுபோக முடியாததையெல்லாம் போட்டுவிட்டுப் போவார்கள். கால் உடைந்த நாற்காலி, காலி பாட்டில், நாய். நாற்காலியைத் தோட்டக்காரன் தூக்கிக்கொள்வான். நாயை யார் தூக்குவார்? நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்கார அம்மாள்தான் அவற்றைச் சேர்த்து வைத்துக் கஞ்சி ஊற்றினாள். ஐந்தருவிக்குப் போகிற வழியில் அவள் வீடு. பின்பக்கம் மூங்கில் தட்டி அடைத்து ஓர் ஓலைக் கொட்டகை. ஊரார் அதை நாய்ச் சத்திரம் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

என் வீட்டுக்காரருக்குத் தென்காசியில் எண்ணெய்க் கடை. சாரல் மாதங்களில் குற்றாலத்திலும் ஒரு கடை போடுவோம். நல்லெண்ணெய், சீயக்காய், துண்டு. நாய்களின் சொறிக்கு அந்த அம்மாள் எங்களிடம்தான் வேப்பெண்ணெய் வாங்குவாள். பெரிய யுத்தம் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், சாரல் முடிந்த சமயம், எண்ணெய் கொடுக்கப் போனவரோடு நானும் போயிருந்தேன். அங்கேதான் அதைப் பார்த்தேன்.

காது சீமை நாயைப் போலத் தொங்கியது. வால் நம் தெரு நாயைப் போலச் சுருண்டிருந்தது. எந்தக் கணக்கிலும் சேராத பெட்டை. பேரருவியில் வெள்ளம் வந்தபோது அடித்துக்கொண்டு போனதாம்; எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் இரண்டு பேர் பாலத்தருகே இழுத்துப் போட்டார்களாம். அன்றிலிருந்து விழுகிற தண்ணீரைக் கண்டால் நடுங்கும் என்றாள் அந்த அம்மாள். அவள் பேசுவது கோயில் பிரசங்கம் மாதிரி இருக்கும். "இது ஜலத்துக்கு அஞ்சும். வேறொரு குற்றமும் இதனிடத்தில் இல்லை" என்றாள். நான் கேட்டதும் கொடுத்துவிட்டாள். வண்டி ஏறும் வரை அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஒரு மாதம்தான் அந்த முணுமுணுப்பு. பிறகு கடையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுமுன் அதைத்தான் தேடுவார். பெயர் என்று ஒன்றும் வைக்கவில்லை. என்னைக் கூப்பிடும் "ஏட்டி"யிலேயே அதையும் கூப்பிட்டார். கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேரும் திரும்புவோம். அதற்குத் தண்ணீர் வைக்கும் முறையைக் கண்டுபிடித்ததும் அவர்தான். கும்பாவில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அதன் கண்ணெதிரே ஊற்றினால் போச்சு. உடம்பு உதறும், கடைவாயில் நுரை தள்ளும். மழை பெய்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். அவரும் குனிந்து அங்கேயே பேசிக்கொண்டிருப்பார்.

அடுத்த சாரலுக்கு அதைத் தென்காசியில் விட்டுவிட்டுப் போக இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை. அருவிச் சத்தம் அதிகம் கேட்காத தெருவில் வீடு பிடித்தோம். பக்கத்து வீட்டில் அல்வாக்கடை அண்ணாச்சி. அவர் தினமும் ஒரு துண்டு அல்வா எடுத்து வந்து அதன் வாயில் ஊட்டுவார். எங்களைவிட அவரிடம்தான் அது அதிகம் குழைந்தது.

ஒரு நாள் மதியம் மலையில் பெருமழை. அருவி புரண்டு விழுகிற சத்தம் எங்கள் அடுக்களை வரை வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத்தோடு கூச்சலிட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடிவந்தார்கள். நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்துவிட்டது, வாய் நிறைய நுரையோடு. வெறிநாய் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே கம்புகள் வந்துவிட்டன.

அடிக்கவிடாமல் தடுத்தவர் அல்வாக்கடை அண்ணாச்சிதான். "பொறுங்கலே, தண்ணிய ஊத்திப் பாப்போம். வெறி இருந்தா தண்ணியக் கண்டு பயப்படும். இல்லன்னா குடிச்சிரும்" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பரீட்சை அது. ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, அதன் பயம் தெரியாமல், அதைக் காப்பாற்றுகிற நினைப்பில், அதன் முகத்துக்கு முன்னால் ஊற்றினார்.

அது அலறிய அலறலில் நான் அடுக்களையிலிருந்து ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் அடித்துப் போட்டிருந்தார்கள். உயிர் போகுமுன் என்னைப் பார்த்து வாலை ஒரு தடவை அசைத்தது. அண்ணாச்சி குடத்தைப் பிடித்தபடி நின்றார். அன்று சாயந்தரம் குழி வெட்டியதும் அவர்தான்.

தென்காசிக்குச் சரக்கெடுக்கப் போயிருந்த என் வீட்டுக்காரர் பொழுது சாய்ந்து வந்தார். குழியருகே உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதார். ஆனால் விடிந்ததும், அந்த நாய் நக்கியவர்கள் எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஊர் சொன்னபோது, மறுபேச்சில்லாமல் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொப்புளைச் சுற்றிக் குத்திக்கொண்டு வந்தார். நான் போகமாட்டேன் என்றேன். வெறியில்லாத நாய்க்கு எதற்கு ஊசி?

"எனக்குத் தெரியும்ட்டி. கடைக்கு வாரவனுக்குத் தெரியுமா?" என்றார்.

கடைக்காக வேண்டுமானால் நீங்கள் குத்திக்கொள்ளுங்கள், என் நாயைப் பைத்தியமென்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்று கத்தினேன். எனக்கு இருந்த ஆத்திரத்தில் கத்துவதுதான் முடிந்தது.

அதற்குப் பிறகு ஊருக்கு என்மேல் திடீரென்று உபசாரம் பெருகிவிட்டது. எந்த வீட்டு வாசலில் நின்றாலும், "வாங்க மைனி, தண்ணி குடிக்கியளா?" என்று செம்பு வரும். கொடுத்துவிட்டு யாரும் உள்ளே போகமாட்டார்கள். என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்குப் புரிய இரண்டு மூன்று வீடு ஆயிற்று. புரிந்த பிறகு, தாகம் இருக்கிறதோ இல்லையோ, எல்லார் வீட்டிலும் முழுச் செம்பையும் குடித்தேன். ஊர் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உண்மை தெரிந்த ஒரு ஆள் வீட்டில் இருக்கிறாரே, அது போதும் என்றிருந்தேன்.

சாரல் முடிய இருந்த ஒரு மத்தியானம். அவர் சாப்பிட்டு எழுந்துவிட்டார். நான் இலை போட்டு உட்கார்ந்தேன். கடைக்குக் கிளம்பியவர் திரும்பி வந்து, தம்ளரை என் முன்னால் வைத்து, செம்பிலிருந்து தண்ணீரை உயரத் தூக்கி மெதுவாக ஊற்றினார். ஊற்றிவிட்டு அங்கேயே நின்றார்.

சாப்பிட்டுவிட்டுக் குடிக்கிறேன் என்றேன்.

"இல்ல, இப்பக் குடி" என்றார். குரல் சரியாக இல்லை.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எதிரே நின்று ஊற்றக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். தம்ளரை எடுத்து, கடைசிச் சொட்டு வரை குடித்து, அவர் பார்க்கும்படி கவிழ்த்துக் காட்டினேன். அவர் மூச்சை விட்டார்.