பஞ்சுக்குப் பகையான பஞ்சலிங்கம்

கிடாரத்தில் கொதிக்கும் படுக்கை விரிப்பைப் பூவரசந்தடியால் புரட்டிப் போட்டு, அடுப்புக்குள் இன்னும் இரண்டு பனங்கொட்டை ஊமலைத் தள்ளிவிட்டு, பஞ்சலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொள்கிறார். முன்பு நெல் அவித்த கிடாரம் அது. இப்போது வாரந்தோறும் அதில் அவிவது மகள் சாம்பவியின் விரிப்பும் போர்வையும் தலையணை உறையுந்தான்.

"என்ன பஞ்சண்ணை, இண்டைக்கு என்ன கறி?" வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார் பக்கத்து வளவுச் சிவசுப்பிரமணியம்.

"பெட்சீற் குழம்பு. கோப்பையோடை வாரும்."

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில், கண்ணிமை மயிர்கூட வெளுத்துப்போய் வீட்டுக்கு வந்த மனிதர். போரில் தொழிற்சாலை மூடி, ஊரும் கைவிட்டுப்போய், அச்சுவேலியில் வாடகை வீட்டுக்கு வந்தபின் மனைவி நாகேஸ்வரி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். வீடு இவர் கையில். ஏழு வயது மகளுக்குத் தொய்வு. மூச்சு முட்டத் தொடங்கினால் பிள்ளையின் கழுத்துக்குழி உள்ளே இழுபடும். பொருளாதாரத் தடைக்குள் மருந்துக்கடையில் குளிசை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முட்டு வந்தபின் ஓடித் திரிவதைவிட வராமல் பார்ப்பதே புத்தி என்று கண்டுகொண்டார்.

அதை அவர் நேர்வழியில் கண்டுகொள்ளவில்லை. "மெத்தையிலை பூச்சி இருக்கும். அதாலைதான் பிள்ளைக்கு முட்டு" என்று டொக்டர் அம்மா சொன்னதுமே முகம் கறுத்துவிட்டது. மூட்டைப்பூச்சி பிடித்த வீடு என்று ஒருவர் வாயால் வந்துவிட்டால் பிறகென்ன மரியாதை? மிச்சத்தைக் கேளாமலே எழும்பி வந்தவர், கட்டில் பொருத்துகளில் சுடுநீர் ஊற்றினார். கதவு யன்னலைச் சாத்தி, வேப்பிலையும் சாம்பிராணியுமாகப் புகை போட்டார். அன்று பின்னேரமே பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றி அதே டொக்டரிடம் மிதிக்க வேண்டியதாயிற்று.

"புகை போடச் சொல்லி ஆர் சொன்னது?"

"நீங்கள்தானே பூச்சி எண்டனீங்கள்."

"ஐயா, நான் சொன்னது மூட்டை இல்லை. கண்ணுக்கே தெரியாத பூச்சி. எங்கடை உடம்பிலை உதிருற தோல்பொடியைத் திண்டு சீவிக்கிறது. உங்கடை வீட்டிலையும் இருக்கு, என்ரை வீட்டிலையும் இருக்கு."

டொக்டர் வீட்டிலும் உண்டு என்ற பிறகுதான் பஞ்சலிங்கத்துக்கு மூச்சு வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, முழுவதையும் கேட்டார்.

பிள்ளையின் அறையில் இப்போது திரைச்சீலை இல்லை, துணிப்பொம்மை இல்லை, கட்டிலுக்குக் கீழே பழஞ்சாமான் இல்லை. கூட்டுகிற தும்புத்தடி வாசற்படியோடு நின்றுவிடும். உள்ளே ஈரத்துணிதான், அதுவும் பிள்ளை பள்ளிக்கூடம் போனபின். பழைய உரப்பைகளின் உள்ளுறையைப் பிரித்து, சுடக்காய்ச்சிய கத்தியால் விளிம்பொட்டி, மெத்தைக்கு ஒரு பொலித்தீன் சட்டை செய்து மாட்டியிருக்கிறார். பிள்ளை புரண்டால் சரசரக்கும்.

"அப்பா, என்னை மூடையிலை கட்டின மாதிரிக் கிடக்கு."

"கிடக்கட்டும். மூடைக்கு முட்டு வாறேல்லை."

சவர்க்காரம் இல்லாத நாட்களில் பனம்பழந்தான். பிழிந்து தேய்த்தால் அழுக்குப் போகும், வாசம் போகாது. ஒருமுறை கொடியில் காய்ந்த விரிப்பில் பாதியைச் சிவசுப்பிரமணியத்தின் பசு சப்பித் தின்றுவிட்டது. அதிலிருந்து கொடிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருக்கிறார். போன மாரி முழுக்கப் பிள்ளை டொக்டர் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார், நாவூறு பட்டுவிடும்.

இப்படியிருக்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை சாவகச்சேரியிலிருந்து அவருடைய அக்கா பூரணம் வந்து இறங்கினார். கையில் மருமகளுக்கென்று ஒரு சின்னத் தலையணை. உறையில் நீலநூலால் முயல் பின்னியிருந்தது.

"என்ரை மரத்து இலவம்பஞ்சு. கொட்டை பொறுக்கி நானே அடைச்சனான்."

சாம்பவி அதை வாங்கிய கையோடு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "இஞ்சருங்கோ..." என்று தொடங்கிய நாகேஸ்வரி, மச்சாளின் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கினாள்.

"பாத்தியே பஞ்சு, பிள்ளைக்கு எவ்வளவு ஆசை எண்டு."

"அக்கா, உது பிள்ளைக்கு ஒத்துவராது."

"என்னடா ஒத்துவராது? மகன்ரை சைக்கிளிலை குந்திக்கொண்டு இவ்வளவு தூரம் கொண்டுவந்தனான். என்ரை பஞ்சிலை என்ன பூச்சியே கிடக்கு?"

ஓம் என்றால் கதை முடிந்தது; எல்லார் வீட்டிலும் கிடக்கிறதுதான். ஆனால் அந்தச் சொல் எங்கே கடிக்கும் என்று பஞ்சலிங்கத்துக்குத் தெரியும். பிள்ளையோ பிடியை விடுவதாயில்லை. மூக்கு ஏற்கெனவே உறிஞ்சத் தொடங்கியிருந்தது.

"பஞ்சிலை ஒரு குறையும் இல்லை அக்கா. எனக்குத்தான் கொஞ்ச நாளாய்க் கழுத்து நோ. உப்பிடி மெத்தெண்டு ஒண்டைத் தேடிக்கொண்டு திரிஞ்சனான்."

"உனக்கோ? நீ தலகணி வைச்சுப் படுத்ததை நான் எந்தக் காலத்திலை கண்டன்?"

"வயசு போகுதெல்லே."

மகளின் கையிலிருந்து அதைப் பக்குவமாகக் கழற்றி எடுத்தார். நடுப்பகலில், எல்லாரும் பார்த்திருக்க, விறாந்தையில் பாயை விரித்து, அந்தச் சின்னத் தலையணையில் தன் பெரிய தலையை வைத்துச் சரிந்தார். பூரணத்துக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரிப்பு முந்திவிட்டது.

"அப்பா, முயல் நசியுது" என்றாள் சாம்பவி, அழுவாரைப்போல.

பஞ்சலிங்கம் தலையைச் சற்றே நகர்த்தி, முயலின் காதுக்கு மட்டும் இடம் விட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.