கொண்டுவந்த மண்

இந்த ஊரில் உதிர்ந்த இலை ஒரு குற்றம். ராஸ் அல் கைமாவில் ஒரு பெரிய வில்லாவின் தோட்டத்துக்கு நான் சூப்பர்வைசர். அர்பாப், அதாவது முதலாளி, காலையில் வெளியே வருவதற்குள் தரையில் ஒரு சருகு கிடக்கக் கூடாது. ஊதித் தள்ள மெஷின், அள்ளிப் போடக் கறுப்புப் பை, பையைப் பாலைவனத்தில் கொட்டிவர ஒரு லாரி. திரும்பும்போது அதே லாரி வெளிநாட்டு உர மூட்டைகளோடு வரும். மரத்தின் சோற்றைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பொட்டலச் சோறு வாங்கித் தருகிறார்கள். விவசாயம் படித்தவனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது, அங்கே நாங்கள் கூட்டிக் கொளுத்துகிறவர்கள். ஆனால் சாம்பலாவது அங்கேயே கிடக்கும்.

இங்கே நிற்பவை ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்த ஓக் மரங்கள். பெரிய பெட்டிகளில், சொந்த மண்ணோடு வந்தன. நட்டுக் கொடுக்க வந்த ஸ்பெயின்காரர் ஃபோனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எனக்கு விளக்கினார். இந்த ஓக், பழைய இலையை வசந்தத்தில்தான் உதிர்க்குமாம். உதிர்க்கும் முன் அதிலிருக்கிற சத்தில் பாதியை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்ளும். மீதியோடு விழுகிற இலை தடிப்பானது, மட்க வருஷங்கள் ஆகும். பூஞ்சையும் புழுவும் மெல்ல மெல்லத் தின்று மறுபடி வேருக்கே கொடுக்கும். அந்தக் காட்டுக்கு யாரும் உரம் போட்டதில்லை என்று சிரித்தார். அந்த வாரமே விமானம் ஏறிவிட்டார்.

மற்ற வருஷங்களில் கொஞ்சமாக உதிர்த்த மரங்கள் இந்த வசந்தத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டின. எங்கள் தோட்டக் கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜருக்கு ரத்தம் கொதித்தது. மரம் சாகிறது, தண்ணீர் விட்டவன் யார் என்று கேட்டார். தண்ணீர் விட்டவன் அறந்தாங்கிக் கருப்பையா. நான் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டு விட்டவனில்லை. மகள் நர்சிங் முடிக்கும்வரை இங்கே காலம் தள்ள வேண்டும் என்பது ஒன்றே அவன் கணக்கு. இது சாவில்லை, துளிர்க்கும்வரை பொறுங்கள், சருகை அடியிலேயே விடுங்கள் என்றேன். நான் என் ஊர்க்காரனுக்கு முட்டுக்கொடுப்பதாகச் சொன்னார் மேனேஜர்.

மனது கேட்காமல் அர்பாபிடமே போனேன். எனக்குத் தெரிந்த அரபியிலும் இந்தியிலும், "இலைதான் மரத்துக்குச் சாப்பாடு" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சாப்பாடு போடத்தானே உங்களை வைத்திருக்கிறேன்?" என்று கேட்டுவிட்டு, மேனேஜர் பக்கம் திரும்பி, இவர்கள் மரத்தைப் பட்டினி போட்டார்களா என்றார். மேனேஜர் "கலாஸ்" என்றார், கதை முடிந்தது என்று அர்த்தம். கருப்பையாவின் விசா ரத்தாயிற்று.

பெட்டி கட்டும்போதும் அவன் நம்பிக்கை விடவில்லை. "துளுத்துச்சுன்னா சொல்லுங்க சார். அதக் காட்டி என்னத் திரும்பக் கூப்புடச் சொல்லுங்க."

துளிர்த்தது. அவன் போன சில நாளில் எல்லா மரமும் துளிர்த்தது. மேனேஜர் அர்பாபைக் கூட்டிவந்து, ஆளை மாற்றியதும் எப்படித் தழைத்துவிட்டது பாருங்கள் என்று காட்டினார். அது கருப்பையா விட்ட தண்ணீர் என்று நான் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்கு. அந்த மேனேஜரின் முகத்தைப் பார்க்கவே எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. உதிர்க்கும் முன் உறிஞ்சிக்கொள்வதில் இந்தக் கம்பெனி ஓக்கை மிஞ்சிவிடும். மரமாவது உதிர்த்ததைத் தன் காலடியில் வைத்துக்கொள்ளும். துளிரைப் படமெடுத்துக் கருப்பையாவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் நீச்சல் குளத்துக்கு இடம் வேண்டுமென்று ஒரு மரத்தைத் தோண்டினோம். நட்டு இத்தனை வருஷமாகியும் வேர்கள் பெட்டியின் வடிவத்திலேயே சுருண்டு கிடந்தன. ஒன்றுகூட வெளி மணலுக்குள் கால் வைக்கவில்லை. கொண்டுவந்த மண்ணைத் தின்றேதான் நின்றிருக்கிறது. அள்ளிப்போகிறார்களே தவிர அங்கே எதையும் மட்க விடவில்லை, வேர் எதை நம்பிப் போகும்? நானும் இங்கே அப்படித்தான் இருக்கிறேன். குழியில் நிற்கும்போது கருப்பையாவின் குரல் செய்தி வந்தது.

"படம் பாத்தேன் சார். சந்தோசம். அப்ப நான் எப்பக் கெளம்பி வரட்டும்?"

வராதே என்று சொல்ல வாய் வரவில்லை. வா என்று சொல்ல நான் யார்? மேலேயிருந்து "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கத்தினார்கள். கிரேன் மரத்தைத் தூக்கியது. ஒரு பெட்டி அளவு ஸ்பெயின் மண்ணோடு, புதுத் துளிரோடு, எந்தத் தரையிலும் படாமல் அது அந்த வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தது.