கோல்டு இல்லாத படம்

நான் திட்டம் போட்டுப் படம் வரைவதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி அறையில் கேன்வாஸைத் தரையில் விரித்து, மணல் நிறத்தைப் பூசிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு டியூபைக் கையில் எடுப்பேன். எந்த நிறம் வருகிறதோ அதில்தான் தொடக்கம். அது அடுத்த நிறத்தைக் கேட்கும். நானும் கொடுத்துக்கொண்டே போவேன். பெரும்பாலும் தடித்த, நெட்டுக்குத்தான கோடுகள்தான் வரும். எங்கிருந்து வருகின்றன என்று யாராவது கேட்டால், "ஒன்றுமில்லாததிலிருந்து" என்று கொஞ்சம் பந்தாவாகச் சொல்வேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கிள்ளானில் இருக்கும் அம்மா ஞாயிறுதோறும் ரயிலேறி வருவார். சாப்பாட்டுக் கேரியரை வைப்பார், ஜன்னலைத் திறந்துவிடுவார், பெயிண்ட் வாடையைத் திட்டுவார். படத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார். யார் யாரோ பாராட்டினாலும் எனக்கு அம்மாவின் ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. கேட்டால், "இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்?" என்று தட்டிக்கழித்துவிடுவார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெரிய படம் முடியாமல் படுத்தியது. மறுநாள் காலையில் அதைக் கண்காட்சிக்கு ஏற்றிப்போக லோரி வரவிருந்தது. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று மூன்று கோடுகள் தாமாக விழுந்திருந்தன. வலது பக்கம் மட்டும் வெறிச்சென்று கிடந்தது. எதை வைத்தாலும் ஒட்டவில்லை. வைப்பதும் சுரண்டுவதுமாக மத்தியானம் ஆகிவிட்டது. சுவரில் சாய்த்துவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்தேன். சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"ஒன் கே" என்றார்.

"என்னம்மா?"

"பிரவுன் ஒண்ணு, பிளாக் சீரோ, ரெட்டுக்கு ரெண்டு சீரோ. ஆயிரம் ஓம்ஸ். ஆனா இது ரிஜெக்ட்லா. கோல்டு எங்க?"

என் சின்ன வயதில் அம்மா சுங்கை வேயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அரிசி மணி அளவில் மணல் நிற ரெசிஸ்டர்கள். அவற்றின் மின்தடை அளவைச் சொல்ல நிற வளையங்கள், நிறத்துக்கு ஒரு எண், கடைசியில் ஒரு தங்க வளையம். அது விடுபட்டிருந்தால் கழித்துப் போட வேண்டும். சோதனைப் பிரிவுக்கு மாற ஒரு பரீட்சை வைத்தார்கள். அதற்காக அம்மா தினமும் காலையில் என் தலையைப் பின்னிக்கொண்டே மனப்பாடம் செய்வார். "பிளாக் சீரோ, பிரவுன் ஒண்ணு, ரெட் ரெண்டு, ஆரஞ்சு மூணு..." ஒரு எண் தப்பினால் பின்னலை அவிழ்த்து முதலிலிருந்து தொடங்குவார். அதனாலேயே பள்ளி பஸ்ஸைப் பலமுறை தவறவிட்டு அழுதிருக்கிறேன்.

ஒன்றுமில்லாததிலிருந்தாம்! சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. தேங்காய் எண்ணெய் வாசனையோடு அந்தக் காலைகளில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைக்காதா என்று ஏக்கமாக இருந்தது.

"எங்கம்மா வைக்கணும்?"

"ஒட்டி வைக்காத. கொஞ்சம் தள்ளி... ஆ, அங்க."

தங்க நிறத்தைக் குழைத்து, அம்மாவின் விரல் காட்டிய இடத்தில் ஒரே இழுப்பாக இழுத்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அந்தக் காலத்தில் வேலை மேசையில் குனிந்ததுபோலக் குனிந்து, இடமிருந்து வலமாக, அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"இப்ப பாஸ்" என்றார். "வா, சோறு ஆறிப்போகுது."